காய்ந்த கன்னம்

அன்புள்ள அம்மா,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். உங்கள் முட்டிவலி தேவலையா? எல்லோரும் தூங்கியபின் போர்வைக்குள் எழுதுகிறேன்.

விடுதி ஆராதனையில் அத்தனை பேரும் ஒரே குரலாகப் பாடும்போது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கிறது. முழு மனதோடுதான் பாடுகிறேன். அழுகை மட்டும் வருவதில்லை. நேற்று ஜெபத்தில் ஓரக்கண்ணால் பார்த்தேன். வார்டன் அக்கா ஒவ்வொருத்தி கன்னத்தையும் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு முன்னால் நின்றவளின் கன்னம் காய்ந்திருந்தது.

"ஒருத்தி மனசு ஒட்டலேன்னா யாரு ஜெபமும் மேல போகாதுடி, வா" என்று இழுத்துப்போனார். அவள் இன்னும் திரும்பவில்லை. மெத்தையைச் சுருட்டிவிட்டார்கள்.

பயப்படாதீர்கள். சளிக்கென்று சொல்லி ஒரு தைலப் புட்டி அனுப்புங்கள். கண்ணுக்குக் கீழே தடவிக்கொள்வேன்.

டார்ச் வெளிச்சம் வருகிறது. தைலம் வேண்டாம், அம்மா. நீங்களே வாருங்கள்.

உங்கள் மகள்