சி ஷிப்ட்டின் தேதி

(1) 10.02.2026, செவ்வாய், காலை 6.40

மூடுபனி. நெடுஞ்சாலை தெரியவில்லை, ஆரன் சத்தம் மட்டும்.

தண்டலம் அலுவலகம். ஆலைப் பெண்கள் கம்பெனி பஸ்ஸில் இடம் பதியும் இணையதளம், திங்கள் (16.02) திறப்பு. என் பொறுப்பு தானியங்கிச் சோதனைகள். பகுதிக்கு ஒரு கோப்புறை: உள்நுழைவு, ஷிப்ட், இருக்கை, குறுஞ்செய்தி. நிரல் எழுதும் திவ்யா (பிள்ளைப்பாக்கம்) கோப்புப் பெயரில் இடைவெளி விடுகிறாள். இருமுறை சொல்லியாயிற்று.

நேற்று சிவப்பு (தேறாத சோதனை) 1. சி ஷிப்ட் (இரவு 10.30 முதல் காலை 6.30). 11 எனப் பதிந்தால் திரும்பும் பஸ் 12ஆம் தேதிப் பட்டியலில். கேட்டது ஒரு தேதி, கிடைப்பது வேறா? திவ்யாவிடம் திருத்தச் சொன்னேன். "எங்க அக்கா சி ஷிப்ட்தான் சார், அதுக்கு இப்டிதான்..." முடிக்க விடவில்லை. திருத்தினாள். 64 சோதனையும் பச்சை.

பச்சையைக் கண்டதும் பழைய தொழிற்சாலை. தரஆய்வு மேசை. தேறிய பாகத்துக்குப் பச்சைச் சீட்டு, கழித்ததற்குச் சிவப்பு. எண்ணெய் வாசனை. இருபத்திரண்டு ஆண்டு.

(2) 12.02.2026, வியாழன், பிற்பகல் 2.15

வெயில். கணுக்கால் வலி.

பேச்சியம்மாள், திறப்புக்கு முந்தைய முன்னோட்டத்தில் சேர்ந்தவள், தென்காசிப் பெண், நேரிலேயே வந்துவிட்டாள்.

"பஸ்ல ஏறினா டிரைவரு, 'உன் பேரு நேத்து லிஸ்ட்ல கீது, எறங்கு'ங்காரு. நேத்து காலைல நான் ரூம்லல்லா தூங்கிட்டுக் கிடந்தேன்! ராத்திரி பூரா லைன்ல நின்ன காலு சார். சுங்குவார்சத்திரம் வரைக்கும் நடந்தேன்."

"எந்தத் தேதிக்குப் பதிந்தாய்?"

"பதினொண்ணு. பதினொண்ணாந்தேதி சி ஷிப்ட்டுல்லா?"

உரிமையாளர் போனில், திவ்யாவிடம்: "டெஸ்ட் எல்லாம் பச்சை. அப்ப உன் கோடுதானே தப்பு? திங்கக்கிழமையிலேர்ந்து வேற ஆளைப் பாத்துக்கறேன்."

அவள் என் பெயரைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

(3) 13.02.2026, வெள்ளி, காலை 5.50

பனி குறைவு. உறக்கம் சரியில்லை.

ஆரோக்கியசாமி, பழைய ஆலையில் சி ஷிப்ட் மேற்பார்வையாளர். நான் எந்நாளும் ஜெனரல் ஷிப்ட். காலை எட்டரைக்குப் பதிவேட்டை என் மேசையில் வைப்பார். விடியல் நான்கு மணிக் கோளாறுக்கும் முந்தைய நாள் தேதி. சிவப்பு மையால் அடிப்பேன்.

"இன்னா சாரே, பன்னெண்டு அடிச்சா உங்க காலண்டருக்கு நாள் மாறும். எங்களுக்கு வூட்டுக்குப் போனாதான் மாறும்."

அதே தேதியை மீண்டும் எழுதுவார். மறுநாளும் அதே சண்டை. அதற்காகவே எட்டேகாலுக்குப் போய் உட்கார்ந்திருப்பேன்.

அவர் மறைவு 03.09.2021. இன்றோடு நான்காண்டு, ஐந்து மாதம், பத்து நாள். அவர் சொன்னது சரியென ஒருமுறைகூட நான் ஒப்புக்கொண்டதில்லை.

அதே நாள், மாலை 4.30

திவ்யா: "பழையபடி மாத்திட்டேன் சார், ஓடுது. லெட்டர்லாம் இன்னாத்துக்கு? வுடுங்க."

விடுவதற்கில்லை. அளவுமானியே பிழையென்றால் தேறிய பாகமெல்லாம் பிழை. உரிமையாளருக்குக் கடிதம், இரு பக்கம், ஒரு அடித்தலும் இல்லை. இணைத்தவை:

1. திவ்யா முதலில் எழுதிய நிரல். சரியானது.
2. அதைத் திருத்தச் சொல்லி நான் அனுப்பிய குறிப்பு (09.02.2026, மாலை 5.10), என் கையொப்பத்துடன்.
3. பேச்சியம்மாள் சொன்னது, சொன்னபடியே.
4. புதிய சோதனை: சி ஷிப்ட்டின் தேதி, ஷிப்ட் தொடங்கிய நாளின் தேதி; திரும்பும் பஸ் மறுநாள் பட்டியலில்.
5. என் அலுவலக அடையாள அட்டை. (திவ்யா கண்டால் எடுத்துவிடுவாள். உறையை ஒட்டியாயிற்று.)