பெர்னில் ஒரு ஞாயிறு, ஜோதியோடு

9 ஏப்ரல் 1992, ஓசூர்

மத்தியானம் கேண்டீன் சுவரில் பேர் ஒட்டினார்கள். சுவிட்சர்லாந்தில் ஒரு மாதப் பயிற்சி. எங்கள் கடிகாரக் கம்பெனியின் அசெம்பிளி லைனிலிருந்து இரண்டு பேர். முதல் பேர் ஜோதியம்மாள். அதற்குக் கீழே அஸ்மத், அதாவது நான்.

அகர வரிசைப்படி பார்த்தாலும் நான்தானே முதலில் வரவேண்டும்?

தளி கிராமத்திலிருந்து வேலைக்கு வந்த புதிதில் ஜோதி ட்வீசர் இடுக்கியைப் பூக்காம்பு பிடிக்கிற மாதிரி பிடிப்பாள். ஒரு திருகாணியை எடுத்து வைப்பதற்குள் அது இரண்டு முறை தவறி விழும். பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

திரும்பி வந்ததும் எங்களில் ஒருத்தியைப் புது லைனுக்கு லீடராகப் போடுவார்களாம். சூப்பர்வைசர் திம்மராயன் சார் சொன்னார். அவளைப் பார்த்துத்தான் சொன்னார்.

12 ஏப்ரல், பேரிகை

அத்தா கடையை அடைத்துவிட்டு வரும்வரை காத்திருந்து விஷயத்தைச் சொன்னேன். அவ்வளவு தூரமா என்று முகம் சுருங்கியது. உடனே கேட்டார்: “அந்தத் தளிப் பொண்ணும் வருதா?” ஆமாம் என்றேன். “அப்ப சரி. அது கூட இருந்தா எனக்கு பயமில்ல. போய்ட்டு வா.”

ஒரே ஒரு பெருநாளைக்கு இங்கே வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவள். எங்கள் வீட்டிலேயே அவள் பேருக்கு இவ்வளவு மதிப்பு.

10 மே, பீல், சுவிட்சர்லாந்து

இந்த ஊர் சின்னது. எங்கு திரும்பினாலும் கடிகாரத் தொழிற்சாலை. குளிர் காதைக் கடிக்கிறது. புடவைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் கோட்டு. கண்ணாடியில் பார்த்தால் மூட்டை மாதிரி இருக்கிறேன். அதே உடுப்பு ஜோதிக்கு மட்டும் எப்படியோ பொருந்துகிறது.

பயிற்சி தருகிற ஹூபர் அம்மாவுக்குக் கொஞ்சம்தான் இங்கிலீஷ் தெரியும். ஜோதியைவிட எனக்கு நன்றாக வரும். நான் யோசித்து முழு வாக்கியமாகப் பேசுகிறேன், அவர் தலையாட்டுகிறார். ஜோதி கையை ஆட்டி, தமிழும் கன்னடமும் கலந்து, நடுவில் ஒரு “யெஸ்” போடுகிறாள். அவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

வேலையில் நான்தான் சுத்தம். அதை ஹூபர் அம்மாவும் சொன்னார். சொன்னதோடு சரி.

17 மே, ஞாயிறு

இன்று பெர்னுக்குப் போய் வந்தோம். எழுதாமல் தூக்கம் வராது.

ஹூபர் அம்மாவே ரயிலில் கூட்டிப் போனார். பழைய ஊரைச் சுற்றி ஆறு வளைந்து ஓடுகிறது, தண்ணீர் பச்சை நிறம். தெரு நெடுக வீடுகளின் கீழ்த்தளத்தைக் குடைந்த மாதிரி கல் வளைவு நடைபாதை. மழை பெய்தாலும் நனையாமல் ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடலாமாம். இதெல்லாம் அவர் சொன்னது. எனக்குக் காதில் விழுந்தது அவ்வளவுதான். ஏனென்றால் அவர் கை ஜோதியின் தோளில் இருந்தது. நான் ஓரடி பின்னால்.

தெரு நடுவே ஒரு நீரூற்று. கம்பத்தின் மேல் ஒரு பூதம் குழந்தையைத் தின்றுகொண்டிருக்கிறது. பையில் இன்னும் சில குழந்தைகள். “நோடுக்கா, பாரு, நம்ம திம்மராயன் சார்” என்றாள் ஜோதி. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். எதற்கு அடக்கினேன்?

பெரிய தேவாலயத்து வாசலில் மனிதர்களைக் கல்லில் செதுக்கியிருந்தார்கள். ஒரு பக்கம் சொர்க்கம் போகிறவர்கள், இன்னொரு பக்கம் நரகம் போகிறவர்கள். எந்தப் பக்கத்து முகம் என் முகம் என்று தோன்றியது. நகர்ந்துவிட்டேன்.

மணிக்கூண்டுக்கு வந்தோம். நானூறு வருஷத்துக்கும் மேற்பட்ட கடிகாரம். மணி அடிக்குமுன் சேவல் பொம்மை கூவுகிறது, கரடி பொம்மைகள் வரிசையாகச் சுற்றி வருகின்றன. கூட்டம் அண்ணாந்து பார்த்தது. நான் ஜோதி வாய் பிளந்து பார்ப்பதைப் பார்த்தேன்.

அந்தக் கடிகாரத்துக்குத் தினமும் சாவி கொடுக்கிறவர் ஹூபர் அம்மாவுக்குத் தெரிந்தவராம். எங்களை உள்ளே கூட்டிப் போனார். குறுகலான மரப்படி. மேலே போனால் ஒரு அறை நிறைய இரும்பு. நாங்கள் லென்ஸ் வைத்துப் பார்க்கிற அதே பல்சக்கரங்கள், இங்கே வண்டிச் சக்கரம் அளவுக்கு. என் உடம்பே சிலிர்த்தது. இது என் வேலை, இது எனக்குத் தெரியும் என்று மனசு அடித்துக்கொண்டது.

அந்த ஆள் ஒரு நீளக் கைப்பிடியை மாட்டினார். அதைச் சுற்றினால் கீழே கயிற்றில் தொங்குகிற கல் எடைகள் மேலே ஏறும். எங்களில் ஒருவர் சுற்றிப் பார்க்கலாம் என்று சைகை செய்தார். நான் ஒரு காலை முன்னால் எடுத்து வைத்துவிட்டேன். அதற்குள் ஹூபர் அம்மா, “ஜோதி” என்று அவள் முதுகில் தட்டி அனுப்பினார்.

வைத்த காலைப் பின்னால் எடுத்தேன். யாரும் கவனிக்கவில்லை.

இல்லை. ஒருத்தி கவனித்திருக்கிறாள். நாலு சுற்றுக்கூட ஆகியிருக்காது, நிறுத்திவிட்டாள். “அக்கா, எனக்கு ஆவல, கை வலிக்குது. நீ வா.”

தளியில் கிணற்றிலிருந்து குடம் குடமாக இறைத்து வளர்ந்தவளுக்குக் கை வலியா?

“வேணாம். நீயே சுத்து.”

“வாக்கா. ஒரு தடவ தொட்டுப் பாரு.”

“வேணாங்கிறேனில்ல.”

குரல் உயர்ந்துவிட்டது. மொழி புரியாவிட்டாலும் அந்த ஆளுக்கும் ஹூபர் அம்மாவுக்கும் புரிந்துவிட்டது. ஜோதி மிச்சத்தையும் சுற்றினாள். நான் சின்ன ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். முதுகுக்குப் பின்னால் இரும்பு உருளுகிற சத்தம். அவ்வளவு அழகான சத்தம், அதைக்கூட முழுசாகக் கேட்கவில்லை.

அவள் மிச்சம் வைத்ததை நான் ஏன் எடுத்துக்கணும்? முதல்ல எனக்குத்தானே குடுத்திருக்கணும்? நான்தானே சொல்லிக் குடுத்தேன் — எல்லாத்தையும் —

ரயிலில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். தள்ளிவிடவும் மனசில்லை.

18 மே

கையை நீட்டியிருந்தால் அந்தக் கைப்பிடியைத் தொட்டிருப்பேன்.

7 ஜூன், பேரிகை

ஊர் திரும்பி முதல் ஞாயிறு. அத்தா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். வீடு நிறையக் கூட்டம். பக்கத்து வீட்டு சுக்ரா மாமி என் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். “அந்த ஊரு எப்படி இருந்துச்சுன்னு சொல்லும்மா. வீடெல்லாம் எப்படி? சனங்க எப்படி?”

வாயைத் திறந்தேன். ஜோதி என்ன நிறப் புடவை கட்டியிருந்தாள் என்று சொல்ல முடியும். எத்தனை விதமாகச் சிரித்தாள் என்று சொல்ல முடியும். அந்த வளைவுகளின் கல் என்ன நிறம்? மணிக்கூண்டின் முகப்பில் என்ன எழுதியிருந்தது? ஜன்னல்களில் பூத்தொட்டி இருந்ததா?

“ரொம்பக் குளிரு மாமி” என்றேன்.

“அவ்வளவுதானா?” என்றார். அத்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

3 ஜூலை, ஓசூர்

புது லைனுக்கு ஜோதிதான் லீடர். திம்மராயன் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “வேலையில உன்னை அடிச்சிக்க ஆளில்ல, அஸ்மத். ஆனா பத்துப் பொண்ணுங்களை வச்சி ஓட்டணும். அதுக்கு ஜோதிதான் சரியா வரும்.”

அவர் சொன்னது உண்மை என்பதால்தான் இவ்வளவு வலிக்கிறது.

20 ஜூலை

கம்பெனி பஸ்ஸில் அவளுக்கு இடம் பிடித்து வைப்பதை விட்டுவிட்டேன். நான்கு நாள் வந்து பக்கத்தில் நின்றாள். இன்று நேராகப் பின் சீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் விரும்பியதுதானே நடந்திருக்கிறது. பிறகு ஏன் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்?

23 ஆகஸ்டு, ஞாயிறு

எங்கள் லைன் சாந்தம்மாவுக்கு இராயக்கோட்டையில் கல்யாணம். எல்லோரும் சேர்ந்து ஒரு வேன் பேசிப் போனோம். சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது சானமாவு காட்டருகே வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். யானைக் கூட்டம் ரோட்டோரம் நிற்கிறதாம். யாரும் இறங்கக்கூடாது, ஹாரன் அடிக்கக்கூடாது என்று வனக்காவலர் சொல்லிவிட்டுப் போனார்.

முன்னால் இருந்தவர்கள் ஜன்னல் பக்கம் குவிந்தார்கள். ஜோதி பின்னாலிருந்து எழுந்து வந்தாள். என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“உக்காரு” என்றேன்.

உட்கார்ந்தாள். இருவரும் கொஞ்ச நேரம் யானையைத் தேடுகிற மாதிரி வெளியே பார்த்தோம்.

“என்மேல என்னாக்கா கோவம்? லீடர் ஆனதுக்கா?”

“அதுக்கும்தான்.”

“வேற?”

பொய் சொல்லத் தோன்றவில்லை. “அந்தக் கடியாரத்தை நீ சுத்தினே.”

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “அதான் உன்னைக் கூப்பிட்டனே.”

“கூப்பிட்டே. வரல. பாக்கவும் இல்ல. அந்த ஊர்ல எதையுமே நான் சரியாப் பாக்கல ஜோதி. உன்னைத்தான் பாத்துக்கினு இருந்தேன்.”

அவள் என் பக்கம் திரும்பினாள். பிறகு என் வலது கையை எடுத்து முன் சீட்டின் கம்பியில் வைத்து, மேலே தன் கையை வைத்தாள். “மொதல்ல ஜில்லுன்னு இருந்துச்சுக்கா. சுத்த ஆரம்பிச்சா நவுரவே இல்ல. அப்புறம் உள்ள எங்கியோ ஒரு பல்லு புடிச்சிச்சு…”

யானைகள் எப்போது கடந்து போயின என்று தெரியவில்லை. வேன் கிளம்பியபோது அவள் மரப்படியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னும் ஆறு, வளைவுகள், கரடி பொம்மைகள் எல்லாம் பாக்கி.

“மெதுவாச் சொல்லு” என்றேன்.