ஒரு மணித்தியால டெஸ்ட்

2025 மார்ச் 11, செவ்வாய்
நிமோனியா மாறிவிட்டது, இவரை வீட்டுக்கு விடலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். காலையிலிருந்து வயிற்றோட்டம். வாட்டு டொக்டர் என்னைத்தான் பார்த்தார். "வீட்டுச் சாப்பாடு குடுத்தனீங்களோ?" ஓம், இடியப்பமும் சொதியும். அவ்வளவுதான், குற்றவாளி அகப்பட்டுவிட்டாள்.

மார்ச் 12
நிற்கவில்லை. இன்று படுக்கையிலேயே போய்விட்டது. காலம் முழுக்கக் கணக்குப் படிப்பித்த மனிதர், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மகள் சுபோதினி எங்கேயோ விசாரித்துவிட்டு வந்தாள். "அன்டிபயோட்டிக் ஏத்தினா குடலில ஒரு கிருமி பெருகுமாம், அம்மா. ஆஸ்பத்திரியிலதான் தொத்துறதாம். ஒரு மணித்தியாலத்தில முடிவு சொல்ற டெஸ்ட் இருக்கு." டொக்டரிடம் கேட்டேன். "இன்டர்நெட்டில பாத்தீங்களோ?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுதியும் கொடுத்தார்.

மார்ச் 13, போயா, பௌர்ணமி லீவு
மலம் காலையிலேயே எடுத்துக் கொடுத்தாயிற்று. பின்னேரமும் போத்தல் தள்ளுவண்டியிலேயே இருக்கிறது. சிங்கள நேர்ஸிடம் கேட்டால், "ஹெட்ட, அம்மா, ஹெட்ட." நாளைக்காம்! ஒரு மணித்தியால டெஸ்டுக்கு நாளைக்கு! கிருமியும் போயாவுக்கு லீவு எடுக்குமோ?

மார்ச் 14
நேற்றுக் கொடுத்த மலம் பழுதாகிவிட்டதாம், திரும்பத் தரட்டாம். கத்திவிட்டேன். வாட்டே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். இவருக்கு நாக்கு வறண்டு, கண் உள்ளே போய், "லைற்றை நிப்பாட்டும்" என்கிறார். லைற் எரியவேயில்லை.

புதுப் போத்தலை ஒருவர் கையிலும் கொடுக்கவில்லை. நானே கீழே லாப்புக்குக் கொண்டுபோனேன். ஸமீமா என்ற டொக்டர் கதவடிக்கு வந்து வாங்கினார். "இருங்க, இப்பவே போடச் சொல்றன்." வாசல் வாங்கில் குந்தியிருந்தேன். சொன்னபடி ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை, வெளியே வந்தார். "அந்தக் கிருமிதான். உங்கட சாப்பாட்டால வந்ததில்ல." என் முன்னாலேயே வாட்டுக்குப் போன் எடுத்தார். நிமோனியாவுக்கு ஏற்றின பழைய அன்டிபயோட்டிக் நிறுத்தியாயிற்று, வேறு மருந்து, தனி அறை. "ஜெல் பூசினா இது சாகாது. சவர்க்காரம் போட்டுக் கழுவுங்க" என்றார் என்னிடம்.

புருஷனுக்கு வந்த வருத்தம் இன்ன நோயென்று தெரிந்ததற்குச் சந்தோசப்பட்டு, லாப் வாசலில் நின்று அழுதேன். என்ன பிறவி நான்?

மார்ச் 17
இன்று இரண்டு தரம்தான் வயிற்றால் போனது. கஞ்சி கேட்டார். வாட்டு டொக்டர் வந்து "நல்ல முன்னேற்றம்" என்றார், தான் கண்டுபிடித்தமாதிரி. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மார்ச் 22
வெள்ளவத்தை வீட்டுக்கு வந்துவிட்டோம். மாடிப்படியில் மூன்று இடத்தில் இருத்தி இருத்தித்தான் ஏற்றினேன். பாத்ரூமுக்கும் நான்தான் தாங்க வேண்டும். கதவைத் திறந்து வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறேன்.

ஏப்ரல் 2
காலையில் சுவரைப் பிடித்துத் தானே எழும்பினார். பின்னால் போனேன். "நீர் நில்லும்" என்றார். உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டார்.

"விழுந்தா ஆர் வந்து திறக்கிறது?" என்று கத்தினேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு, தேத்தண்ணி வைக்கப் போனேன்.