பொட்டு வைத்த கியர்

உன் வண்டியிலிருந்து வடித்த ஆயில் ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் என் பக்கத்தில் இருக்கிறது. இன்னும் கொட்டவில்லை. கருகிய நாற்றத்தோடு கொஞ்சம் இரும்பு வாடையும் அடிக்கிறது. காந்தத்தை விட்டு எடுத்தால் மீசை முளைத்ததுபோல் துகள் ஒட்டிக்கொண்டு வருகிறது. நீ பார்த்திருந்தால் முகத்தைச் சுளித்து, "உள்ள என்னமோ தேயுதுல" என்று ஒரே வரியில் முடித்திருப்பாய். நீ போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. தாராவியில் நம் பைக் பட்டறைக்கு வெளியே ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். மற்றபடி பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை.

போன வாரம் உன் மகள்தான் வண்டியைக் கொண்டு வந்தாள். கோபர்கைரனேயில் வேலை கிடைத்ததிலிருந்து அவள்தான் அதை ஓட்டுகிறாள். செம்பூரிலிருந்து தினமும் வாஷி பாலத்தைத் தாண்டிப் போய் வருகிறாள். "சித்தப்பா, செகண்ட்ல போட்டு முறுக்குனா டக்குனு நியூட்ரல் ஆயிடுது. பின்னாடி டம்பர் லாரி வரும்போது ஏக்தம் டர் லக்தா ஹை" என்று பயத்தை மட்டும் இந்தியில் சொன்னாள். உன் வீட்டம்மாவும் போன் பண்ணினார்கள். சரியாக வராது என்றால் விற்றுவிடுங்கள் அண்ணே, பிள்ளையைவிட வண்டி பெரிசில்லை என்றார்கள். மகளுக்கு விற்க மனசில்லை. நான் பார்க்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

வாங்கி வைத்தேனே தவிர, நாலு நாள் அதைத் தொடவில்லை. உன்னிடம் நான் சொன்ன பொய் ஒன்று அந்த இன்ஜினுக்குள் பதினொரு வருஷமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க எனக்கு ஆசை இல்லை.

நம் பட்டறையில் ஓட்டிப் பார்ப்பது நான், திறப்பது நீ. நைன்ட்டி ஃபீட் ரோட்டில் ஒரு சுற்று போய் வந்து, எந்த கியர் நழுவுகிறது, முறுக்கும்போதா விடும்போதா என்று நான் சொல்வேன். நீ உடனே இன்ஜினை இறக்க மாட்டாய். கிளட்ச் கம்பியை இழுத்துப் பார்ப்பாய். கியர் பெடலை ஆட்டிப் பார்ப்பாய். பக்கத்து மூடியை மட்டும் கழற்றி, உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று விரலால் அமுக்குவாய். எனக்குப் பொறுமை போய்விடும். "வெளிய உள்ள சீக்குக்கு வயித்தக் கிழிக்கப்படாதுல" என்பாய். பாதி வண்டிகள் அந்த ஸ்பிரிங்கோடு சரியாகிப் போய்விடும்.

மீதி வண்டிகளில் பழைய மாடல்களுக்குப் புது சாமான் கிடைக்காது. வண்டிக்காரர் சம்மதித்தால், வேறு இன்ஜினில் ஓடிய கியரைப் போடுவோம். அப்படிப் போடும் ஒவ்வொன்றிலும் நீ கிரைண்டரால் பக்கவாட்டில், பல்லில் படாமல், ஒரு பொட்டு வைப்பாய். "நாளைக்குத் தொறக்கவன் புதுசுன்னு நெனச்சு ஏமாறப்படாதுல்லா" என்று காரணம் சொல்வாய். நாளடைவில் அது நம் பட்டறைப் பாஷையே ஆகிவிட்டது. மேல்வீட்டுக்காரர் வாங்கிய பழைய ஃப்ரிட்ஜ்கூட நமக்குப் பொட்டு வைத்ததுதான்.

நான் பிறந்ததே இங்கே. நீ திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் வந்து இறங்கியவன். உன் இந்தியில் ஆண் பெண் வித்தியாசமே கிடையாது. காடியும் ஆயேகா, பாபியும் ஆயேகா; பெண்பாலுக்கு உள்ள ஆயேகி உன் வாயில் வராது. வாடிக்கைக்காரர்கள் முன்னாலேயே உன்னை வைத்துச் சிரிப்பேன். நீயும் கூடச் சிரித்துவிட்டு ஸ்பானரைத் துடைப்பாய். உனக்கு வலித்ததா என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

உன் சொந்த வண்டியில் செகண்ட் நழுவ ஆரம்பித்தது ஒரு மழைக்காலத்தில். மறுநாள் காலை கல்யாணில் உன் தங்கை குழந்தைக்கு ஞானஸ்நானம். வண்டியிலேயே போகவேண்டும் என்று உனக்குப் பிடிவாதம். இன்ஜினைப் பிரித்து வைத்துவிட்டு, கியர் வாங்க என்னை குர்லாவுக்கு அனுப்பினாய். கடையில் ஒரே கூட்டம். மாடலைச் சொல்லி, செகண்ட் கியர் வேண்டும் என்று இந்தியில் கத்தினேன். கடைக்காரர், "செகண்ட் மே சலேகா க்யா?" என்று கேட்டார். "ஹாங், செகண்ட் ஹி சாஹியே" என்றேன் அழுத்தமாக. பழையது பரவாயில்லையா என்று மனிதர் கேட்டிருக்கிறார். பழையதுதான் வேண்டும் என்று நான் சொல்லியிருக்கிறேன். பம்பாயில் செகண்ட் என்றால் பழைய சாமான் என்று உனக்கு வகுப்பெடுத்தவனே நான்தான்.

சயான் ஸ்டேஷன் படியில் நின்று காகிதத்தைப் பிரித்தேன். மண்ணெண்ணெயில் கழுவிப் பளபளவென்று இருந்தது. ஆனால் அடுத்த கியரைக் கவ்விப் பிடிக்கும் கட்டைகள் நான்கிலும் முனை லேசாக மழுங்கியிருந்தது. திரும்பிப் போயிருக்கலாம், கடை மூட இன்னும் நேரம் இருந்தது. போனால் தாமதத்துக்கு உன்னிடம் காரணம் சொல்ல வேண்டும். இந்தியில் தப்பு பண்ணிவிட்டேன் என்று, அதுவும் உன்னிடம், சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புதுசுதான் என்று சொல்லி உன் கையில் கொடுத்தேன். நீ விளக்குப் பக்கம் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "நீ சொன்னா சரிதாம்ல" என்றாய். நான் டீ குடிக்க வெளியே போய்விட்டேன்.

அதற்குப் பிறகு நீ செகண்ட் என்ற வார்த்தையையே விட்டுவிட்டாய். நம்மிடம் ரெண்டாவது கியரு, கடையில் அதையே இந்தியில் தூஸ்ரா கியர். தூஸ்ரா என்றால் வேறு கியர் என்றல்லவா நினைப்பான் என்று அதற்கும் உன்னைக் கேலி செய்தேன்.

முந்தாநாள்தான் திறந்தேன். வெளியே பார்க்க வேண்டியதையெல்லாம் உன் வரிசைப்படியே பார்த்து, எதிலும் குறை இல்லை என்று தெரிந்தபிறகு இறக்கினேன். கட்டைகள் நான்கும் உருண்டு போயிருந்தன. அவை போய் விழும் எதிர் கியரின் குழிகளும் விரிந்திருந்தன. கியரை நகர்த்தும் ஃபோர்க் ஒரு பக்கம் சூட்டில் நீலம் பாய்ந்து தேய்ந்திருந்தது. மூன்றையும் சேர்த்து மாற்றியாக வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதைத் தின்றுவிடும். மண்ணெண்ணெயில் முக்கிக் கழுவிய பிறகு கியரைத் திருப்பினேன். பக்கவாட்டில், பல்லில் படாமல், ஒரு பொட்டு இருந்தது.

முதலில் கோபம்தான் வந்தது. தெரிந்துகொண்டே பதினொரு வருஷம் என் கேலியைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய். பிறகு வெட்கமாக இருந்தது. நீ இருக்கும்வரை உன் வண்டியை வேறு யாரும் திறக்க விடமாட்டாய். உனக்குப் பிறகு திறப்பதென்றால் நான்தான். பழக்கத்தில் கை தானாக வைத்ததா, எனக்கென்று வைத்தாயா, எனக்குத் தெரியவில்லை.

குர்லா போனேன். "தூஸ்ரா கியர், நயா" என்று, புதுசு என்பதை அழுத்திக் கேட்டேன். "கௌன்ஸா தூஸ்ரா?" என்றார் கடைக்காரர், எந்த வேறு கியர் என்கிற மாதிரி. இரண்டு விரலைக் காட்டினேன். மூன்று சாமானையும் பிரித்துப் பார்த்துத்தான் வாங்கினேன். பூட்டி முடித்து, சயான் பக்கம் ஏற்றத்தில் முறுக்கியும் விட்டும் ஐந்தாறு தடவை ஓட்டிப் பார்த்தேன். நழுவவில்லை.

இன்று மத்தியானம் மகள் வந்தாள். கழற்றிய சாமானை வண்டிக்காரரிடம் காட்டுவது நம் வழக்கம் என்பதால் காட்டினேன். பொட்டு அவளுக்கும் தெரியும். "அப்பா தன் வண்டிக்கே பழசப் போட்டாரா?" என்றாள். தலையாட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"இல்ல மக்கா. அவன் புதுசுதான் கேட்டான். நான்தான் கடையில இந்தில மாத்திப் பேசி, பழச வாங்கிட்டு வந்து புதுசுன்னு பொய் சொன்னேன்."

அவள் கியரைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். "அதான் அப்பா வீட்ல சொல்லுவாரு, ஒங்க சித்தப்பாவுக்கு இந்தி அவ்வளவா வராதுன்னு. நாங்க ஜோக்குன்னு நெனச்சோம்" என்றாள்.

ஆக, நீயும் உன் பங்குக்குச் சிரித்திருக்கிறாய். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

கிளம்பும்போது, அப்பா ஞாபகமாக அந்தக் கியரை வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். உன் மகள் கேட்டு நான் எதையும் இல்லை என்று சொன்னதில்லை. இதைக் கொடுக்கவில்லை. "அது எனக்கு வச்சது, மக்கா" என்றேன். இப்போது சட்டைப் பையில் இருக்கிறது. கனத்தில் சட்டை ஒரு பக்கமாக இழுக்கிறது.