தலைமையுரையின் கடைசி வரி

அக்டோபர் 14, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். குறுவை நெல் இன்னும் கொள்முதல் நிலையத்தில், தார்ப்பாய்க்கு அடியில். ஈரப்பதம் அதிகமாம், எடுக்க மறுக்கிறார்கள். தளர்த்தச் சொல்லி டெல்லிக்கு எழுதியிருக்கிறார்கள். தஞ்சாவூர் நெல் எவ்வளவு நனையலாம் என்பதை டெல்லி முடிவு செய்யும்.

மதியம் சென்னையிலிருந்து மகள் மதி பேசினாள். கல்யாணமாம், நவம்பரில். ஜெபாவோடு.

ஜெபா சீர்காழிப் பெண். மதியோடு ஒரே வீட்டில் இருப்பவள். பொங்கலுக்கு இங்கே வருவாள். தோழி என்று நினைத்திருந்தேன்.

"நீங்கதாம்பா தலைமை தாங்கணும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். தலைமை தாங்கக் கூப்பிட்டு நான் யோசித்தது இதுவே முதல் முறை.

மனைவி சரோவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இப்பத்தான் தெரியுதா உங்களுக்கு?" என்றாள். பிறகு மோட்டார் போடச் சொன்னாள். போட்டேன்.

அக்டோபர் 16, வியாழன்

தூக்கம் சரியில்லை. சிக்கல் மதி அல்ல, ஜெபாவும் அல்ல. கடைசி வரி.

கல்லூரியில் வரலாறு நடத்திய காலத்திலிருந்து சுயமரியாதைத் திருமணங்களுக்குத் தலைமை தாங்குகிறேன். ஐயர் இல்லை, அக்கினி இல்லை. உறுதிமொழி, மாலை, என் உரை. எப்போதும் ஒரே முடிவு: "இந்தத் திருமணம் சட்டப்படி செல்லும்." கைதட்டல். பிறகு பந்தி. அந்த வரி வரும் என்றுதான் மீதி உரையைப் பொறுத்துக்கொள்கிறார்கள்.

இந்தக் கல்யாணம் செல்லாது. செல்லும் என்று சொன்னால் பொய். சொல்லாவிட்டால் எப்படி முடிப்பது?

இதுவரை விசாரித்ததில்:
– உச்ச நீதிமன்றம்: அது நாடாளுமன்றத்தின் வேலை.
– நாடாளுமன்றம்: பேச்சில்லை.
– மத்திய அரசு: நம் சமூகத்துக்கு ஒத்துவராது.
– சமூகம்: எதிர்வீட்டு கோவிந்தராஜ். செய்தித்தாளைக் காட்டிப் பொதுவாகக் கேட்டேன். "கவர்மெண்டு என்ன சொல்லுதோ அதாங்க" என்றார்.

இன்னொன்று. 'திருமணத்தில் அரசுக்கு என்ன வேலை, வெளியே போ' என்று சிற்றிதழில் எழுதியவன் நான். பாராட்டி ஒரு கடிதம்கூட வந்தது. இப்போது அதே அரசை, வாங்க, உட்காருங்க என்கிறேன். நான் அரசாக இருந்தால் எனக்கும் ஒன்றும் புரியாது.

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளி மறுநாள். மதி வரவில்லை. நான் பதில் சொல்லாமல் வரமாட்டாளாம். போனில் சொல்லிப் பார்த்தேன்: சட்டம் வரட்டும், ஊரறியச் செய்யலாம், அதுவரை பொறு.

"தாத்தா அப்படிப் பொறுத்திருந்தா நீங்க ஏதுப்பா?"

வைத்துவிட்டாள்.

உண்மைதான். என் அப்பாவும் அம்மாவும் மாலை மாற்றியபோது அந்த மாதிரிக் கல்யாணத்துக்குச் சட்டம் கிடையாது. நான் பிறந்து, பள்ளிக்கூடம் போய், வாய்ப்பாடு ஒப்பிக்கும் வயதில்தான் வந்தது. முன்னால் நடந்தவையும் செல்லும் என்று அரசு பெரிய மனது பண்ணியது. அதுவரை அவர்கள் யார்? நான் யார்? அம்மா தினமும் சோறு போட்டாள். யாருக்குப் போடுகிறோம் என்று தெரியாமலா போட்டாள்.

அப்பாவும் தலைமை தாங்கியவர். சட்டத்துக்கு முன்னால் எந்த வரியில் முடித்தார்? எவ்வளவு யோசித்தும் நினைவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

மழை. ஜெபாவின் அப்பா தேவசகாயம் சீர்காழியிலிருந்து வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர், லுத்தரன் சபையில் முக்கியஸ்தர். குடையை மடிக்காமல் வாசலிலேயே நின்றார். நானாவது இதை நிறுத்த வேண்டும் என்று கேட்டார்.

"நீங்க கடவுள் இல்லைங்கிறவர். உங்களுக்கு இதெல்லாம் லேசுங்க."

"லேசு இல்லைங்க. உங்களுக்கு ஆண்டவர் உத்தரவு குடுக்கலை, எனக்கு அரசாங்கம் குடுக்கலை."

உள்ளே வந்தார். காபி குடித்தோம். அவர் மேலிடமும் என் மேலிடமும் பேசாமலே இருந்தன. கிளம்பும்போது, கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்றார். நெல் போட்டாச்சா என்றும் கேட்டார். அவருடையதும் நனைந்து கிடக்கிறதாம்.

அக்டோபர் 28, செவ்வாய்

கொள்முதல் நிலையம். காத்திருந்தவர்களில் ஒருவரின் செல்போனில் ஏதோ விவாதம் ஓடியது.

"பொம்பளையும் பொம்பளையும் கட்டிக்கலாமாங்கிறான்."

"கட்டிக்கட்டும். சாக்கு வந்துச்சா?"

சாக்கு வரவில்லை.

சரோ என்னைக் கேட்காமலே மண்டபம் பேசிவிட்டாள். ஓட்டல் மாடி. மேனேஜர் மணமகன் பெயர் கேட்டிருக்கிறார். இல்லை என்றிருக்கிறாள். கொஞ்சம் யோசித்து, 'குடும்ப விழா' என்று பதிந்துகொண்டாராம். ஜிஎஸ்டி கல்யாணத்துக்கு உள்ளதுதான். அரசு இந்தக் கல்யாணத்தை ஏற்கவில்லை. மண்டப வரியை ஏற்கிறது.

நவம்பர் 1, சனி

கீழ்வேளூர். அத்தை, அப்பாவின் தங்கை. சட்டத்துக்கு முன்னால், அப்பா தலைமையில் கல்யாணம் ஆனவள். விஷயத்தைச் சொன்னேன். இரண்டும் பெண் என்பதை நிதானமாக வாங்கிக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "அவங்க என்ன ஆளுங்க?"

பகுத்தறிவுக் குடும்பம்.

அவள் கல்யாணத்தில் அப்பா எப்படி உரையை முடித்தார் என்று கேட்டேன்.

"எங்க முடிச்சாரு? எங்க மாமனார் கோவிச்சுக்கிட்டு ஓரமா நிக்கிறாரு. இது செல்லுமா செல்லாதான்னு எவனோ எந்திரிச்சுக் கேக்குறான். அண்ணன் துண்டைச் சரிபண்ணிக்கிட்டு, 'எல்லாரும் சாப்பிட வாங்க'ன்னாரு."

"அவ்வளவுதானா அத்தை?"

"வேற என்ன சொல்லணும்? பசிக்குதுல்ல."

பஸ்ஸிலிருந்து மதிக்குப் பேசினேன். தலைமை தாங்குகிறேன் என்றேன். விட்டுவிட்டு ஏதோ சத்தம் கேட்டது. அழுகிறாளா, சிக்னல் இல்லையா, தெரியவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

விடாத மழை. மாடிப்படியில் பலகை: குடும்ப விழா.

சொந்தத்தில் பாதிப் பேர் வரவில்லை. வயல் வேலை, சுகர், பிள்ளைக்குப் பரீட்சை. கோவிந்தராஜ் வந்தார், கவர்மெண்டு எதுவும் சொல்லாமலே. அத்தை முதல் வரிசையில்.

மதி உறுதிமொழியைச் சத்தமாகச் சொன்னாள். ஜெபா பாதியில் நிறுத்தினாள். வாசலில் தேவசகாயம், குடையை மடிக்காமல். மீதியை அவரைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தாள். மாலை மாற்றினார்கள்.

என் உரை. நீதிமன்றம், நாடாளுமன்றம் எல்லாம் தயாரித்து வைத்திருந்தேன். எதுவும் வரவில்லை. கடைசி வரி மட்டும் பழக்கத்தில் தானாக வந்துவிட்டது. "இந்தத் திருமணம்..." என்றேன். நின்றுவிட்டேன். மதி என்னையே பார்த்தாள். என்னிடம் துண்டு இல்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டேன்.

"எல்லாரும் சாப்பிட வாங்க."

கைதட்டல் இல்லை. நாற்காலிகள் நகரும் சத்தம்தான். நடந்தது என்ன என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. செல்லுமா என்று யாரும் கேட்கவில்லை.

பந்தியில் எனக்கு எதிரே தேவசகாயம். மடித்த குடை காலடியில். கண்ணை மூடி ஜெபித்தார், வெகுநேரம். சோற்றுக்கா, வேறெதற்காவதா, கேட்கவில்லை. மோர் முடிந்து எல்லோரும் இலையை மூடிக்கொண்டிருந்தபோது, ஜெபா மாலையோடு, பரிமாறுகிறவரிடமிருந்து பாயச வாளியை வாங்கிக்கொண்டு அவரிடம் வந்தாள்.

அவர் இலையை மூடவில்லை.