இரண்டாவது குரல்

212ஆம் நாள், காலை
செவ்வாய்த் தளம், அறுவை அறை. பதிபவர்: செவிலியர் பெர்னாட். கருவிகள் நீராவியில் சுத்தமாயின. சுரங்க முகாமில் ஒருவருக்கு அடி. மயக்க மருத்துவர் ஹக்கீம் மற்ற எல்லோரோடும் வண்டியில் அங்கே போயிருக்கிறார். இங்கே நானும் அறுவை மருத்துவர் பொற்கொடியும் மட்டும். அவர் விடிந்ததிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். கேட்டால், "ஒண்ணுமில்ல பெர்னாட், வாயு" என்று மழுப்புகிறார். ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பவர்!

212ஆம் நாள், முற்பகல்
வாயுவாவது மண்ணாவது. குடல்வால் வெடிக்கும் நிலை. வண்டி புழுதிப் புயலில் சிக்கியிருக்கிறது. வானொலியில் ஹக்கீமின் குரல் விட்டுவிட்டு வந்தது: "காத்திருக்காதீங்க, எடுத்துடுங்க. நாங்க வர சாயங்காலம்..." அவ்வளவுதான். வானொலி செத்துவிட்டது.

அறுப்பது இயந்திரக் கை. ஒவ்வொரு படியிலும் இரண்டு பேர் "சரி" சொன்னால்தான் அது அசையும். ஒருவர் தவறினால் இன்னொருவர் பிடிக்கட்டும் என்று நாங்கள் மூவரும் செய்த ஏற்பாடு. அவசரத்துக்கு ஒற்றை ஆள் இயக்க ஒரு வழி இருந்தது. மேலிடத்தோடு மல்லுக்கட்டி அதை அடைக்க வைத்ததும் நாங்களேதான். இப்போது இரண்டாவது ஆளாக மிச்சமிருப்பது நோயாளி.

212ஆம் நாள், நண்பகல்
ஆகவே முழு மயக்கம் கிடையாது. முதுகில் ஊசி போட்டு மார்புக்குக் கீழே மரக்கவைத்தேன். குத்துமுன் இடத்தை மூன்று முறை தடவிப் பார்த்தேன். அவர்தான் தேற்றினார்: "பயப்படாதீங்க பெர்னாட். நான் எங்க ஓடிடப் போறேன்?" தன் வயிறு திறப்பதைத் திரையில் பார்த்தபடியே "சரி" என்றார். நானும் சொன்னேன்.

212ஆம் நாள், பிற்பகல்
குடல்வாலை எடுத்தாயிற்று. அதன் பிறகு ஓர் இரத்தக் குழாயின் கட்டு நழுவியது. ஐயோ, எவ்வளவு இரத்தம்! மறுபடி கட்ட இயந்திரம் தயார். நான் "சரி" என்றேன். அவர் கண் செருகிவிட்டது.

"டாக்டர்! ஒரே ஒரு வார்த்தை, டாக்டர்!"

உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"இரண்டாவது குரலுக்குக் காத்திருக்கிறேன்" என்கிறது இயந்திரம். பெண் குரலில் சொல்லிப் பார்த்தேன். "இது முதல் குரல்" என்கிறது. உடைத்துப்போடத் தோன்றுகிறது.

நேரம் தெரியவில்லை
பேசித்தான் பதிகிறேன். ஒரு கை அவர் வயிற்றுக்குள்ளே, குழாயை நசுக்கிப் பிடித்திருக்கிறது. முடிச்சுப் போட இரண்டு கையும் வேண்டும். விரல் மரத்துவிட்டது. பயமாக இருக்கிறது. அவர் மூச்சு விடுகிறார், இன்னும் விடுகிறார்.

வெளிக்கதவு! ஒலிபெருக்கியில் ஹக்கீம்! நுழைவுக் காற்றறையில் காற்று நிரம்பாமல் அவரால் உள்ளே வர முடியாது. வரவே வேண்டாம், குரல் போதும்.

"ஹக்கீம், சரின்னு சொல்லுங்க! உடனே!"

"எதுக்கு சரி? என்ன ஆச்சு பெர்னாட்?"

"சொல்லுங்க சார், கெஞ்சிக் கேக்கறேன், விரல் வழுக்குது..."

"பதறாதீங்க. பார்க்காம யாரும் சொல்லக் கூடாதுன்னு நாமதானே பேசி வெச்சோம்? இருங்க, வந்து பார்த்துட்டுச் சொல்றேன்."