உன் ஜாஞ்ஜித் தொட்டி

மன்னி,

இன்று காலை வாசலைத் திறந்ததும் ஈரக் கோரையின் வாடை மூக்கில் ஏறியது. டாக்குரியா ஜீல் ஏரியிலிருந்து பிடுங்கிய கோரையை ஏற்றிக்கொண்டு மாட்டு வண்டிகள் நம் காளிகாட் சந்து வழியாகப் போயின. அந்தச் சதுப்பை மண் போட்டு மூடி வீடு கட்டப் போகிறார்களாம். உன் முதல் தெவசத்தன்றா இந்த வாடை வரவேண்டும்?

அங்கே நம்மை முதலில் அழைத்துப் போனவள் அடுத்த வீட்டுப் பௌதி. வங்காளத்தில் மன்னிக்குப் பௌதி என்று பேர் என்று தெரிந்த நாளிலேயே நீயும் அவளும் ஒட்டிக்கொண்டுவிட்டீர்கள். கல்மிக் கீரை பறிக்கப் போனோம். கோரைக்கு நடுவே தேயிலைச் சாயம் இறங்கியது போன்ற, அசையாத தெளிந்த தண்ணீர். மடிசாரைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் அளவுக்கு இறங்கினாய். கையில் விரல் நீளத்துக்குப் பச்சையாக ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. தண்டைச் சுற்றிலும் பயத்தம்பருப்பை விடச் சின்ன இலைகள், சிப்பி போல் திறந்தபடி.

"ஓட்டா ஜாஞ்ஜி, ஃபேலே தாவ்," வெறும் பாசி, தூக்கிப் போடு என்றாள் பௌதி. நீ போடவில்லை. சொம்புத் தண்ணீரில் விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாய். ஒரு கொசுப்புழு நெளிந்து வந்து இலையில் இடித்தது. இலை சட்டென்று மூடிக்கொண்டது. வால் மட்டும் வெளியே துடித்தது. "அடி சமத்தே," என்றாய்.

அப்போதுதான் நான் புக்ககத்திலிருந்து பெட்டியோடு திரும்பி வந்திருந்தேன். என்னை அங்கேயே அனுப்பிவிடச் சொல்லிப் பெரியம்மா தினமும் அண்ணாவின் காதில் ஓதிக்கொண்டிருந்தாள். வீட்டில் வேண்டாதது ஒன்று இருந்தது, நீ இரண்டாவதைக் கொண்டுவந்து கொல்லைத் தொட்டியில் வைத்தாய். குழாய்த் தண்ணீரில் அழுகிப் போயிற்று. மறுபடி போய் எடுத்து வந்து, மழைத் தண்ணீரையும் ஜீலின் கோரைச் சருகையும் போட்ட பிறகுதான் பிழைத்தது. காளிகாட்டுக் குளங்களில் எல்லாம் தேடினாய். இன்னொன்று கிடைக்கவில்லை.

"மடியா சமைக்கிற ஆத்துல மாமிசம் திங்கற செடியா?" என்று பெரியம்மா ஆரம்பித்தாள்.

"பூஜை உள்ளுல பல்லி இருக்கே பெரியம்மா, அது என்ன பாயசமா சாப்பிடறது? அது கத்தினா சகுனம் வேற பாக்கறேள்."

"எடுத்துக் கொட்டுடி முதல்ல."

"நீங்களே கொட்டுங்கோ," என்று வழியை விட்டு நின்றாய். தொட்டால் மடி போய்விடும். பெரியம்மா முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அன்று சாயங்காலம் தொட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டே, "இதுக்கு வேரே கிடையாது பாரு. வேர் இல்லேன்னா வாழ முடியாதுன்னு யார் சொன்னா?" என்றாய். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்குச் சொன்னது என்று எனக்குத் தெரியாதா?

போன வருஷம் காய்ச்சலில் நீ போய்விட்டாய். நான் அழுது ஓய்வேன், பிறகு புக்ககத்துக்கே அனுப்பிவிடலாம் என்று நினைத்தார்கள். எனக்கு அழுகையை விடக் கோபம்தான் வந்தது. இன்னும் இருக்கிறது.

இன்று சாஸ்திரிகள் வந்து உட்கார்ந்ததுமே பெரியம்மா கொல்லையைக் காட்டினாள். "மாமிசம் திங்கறதைத் தாண்டிண்டு தெவசத்துக்கு அவ எப்படி வருவா?"

"முதல்ல அதை அப்புறப்படுத்துங்கோ," என்றார் அவர்.

ஜீலும் போகிறது. இந்தத் தொட்டியையும் கவிழ்த்தால் அந்தச் செடி இருக்கிற இடம் என்று எனக்குத் தெரிந்து ஒன்றும் மிச்சமில்லை. நான் அடுக்களையிலிருந்து வெளியே வந்தேன்.

"தாராளமா. யார் தூக்கப்போறேள்? பெரியம்மா மடி. நீங்க மடி. அண்ணா ஈர வேஷ்டியோட நிக்கறான். தொட்டா மறுபடி ஸ்நானம், நாழியாயிடும்."

"நீதானே தினம் தொடறே, நீ தூக்கு," என்றாள் பெரியம்மா.

"மாட்டேன். மன்னி வந்தா முதல்ல அங்கதான் வருவா."

சாஸ்திரிகள் வெயிலைப் பார்த்தார். எந்தச் சண்டையிலும் வாயே திறக்காத அண்ணா, "இருக்கட்டும். அவ வச்சது," என்றான். சாஸ்திரிகள் பவித்திரத்தை எடுத்து அவனிடம் நீட்டினார். தெவசம் நடந்தது.

நாளை பௌதியோடு டாக்குரியாவுக்குப் போகிறேன். மண் விழுவதற்குள் கிடைக்கிற மட்டும் செடியை அள்ளி, அவள் மாமனார் வீட்டுக் குளத்திலும் விடுவோம். அவள்தான் கேட்டாள்.

போனவர்களுக்குப் பிடித்ததைப் போடுவதுதானே வழக்கம்? எல்லோரும் சாப்பிட்டு எழுந்ததும் மழைப்பானையிலிருந்து ஒரு சொம்பு கொசுப்புழுத் தண்ணீரை மொண்டு, பெரியம்மா பார்க்கும்படியாகவே தொட்டியில் ஊற்றினேன். கையை விட்டுக் கோரைச் சருகை ஒதுக்கிக் கொடுத்தேன். இலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

குளித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்றாள் பெரியம்மா. நான் குளிக்கவில்லை. உள்ளே வந்து, அந்தக் கையாலேயே இதை உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.